மூன்றாம் அலைவரிசை

கொள்ளுப்பிட்டி ஹோட்டலின் இரண்டாம் மாடியில்
எனக்கொரு கண்ணாடிப் பெட்டி.
ஒன்று ஆங்கிலம், இரண்டு சிங்களம்,
மூன்றாம் அலைவரிசையில் நான்.
வாசல் மேசையில் அடையாள அட்டையை வைத்தால்
காதுக்கருவி தருவார்கள்.
மூன்றைத் திருகியவர்கள் இன்றைக்கு ஏழு பேர்;
அதில் இருவர் உளவுத்துறை என்பது
பக்கத்துப் பெட்டி சுபோதாவின் கணக்கு.

மேடையில் ஊனா,
அயர்லாந்தின் எல்லையோரத்து ஊர்க்காரி.
பெயரைக் கேட்டதும் எனக்கு
அரிவரி வகுப்பின் ஐந்தாம் எழுத்து.
தகப்பன் சுங்கச் சாவடியில்
வெண்ணெய் கடத்தியவர்களைப் பிடித்தாராம்.
இரவில் மாட்டை வடக்கே ஓட்டிப்போய்
அடுத்த கிழமை தெற்கே ஓட்டிவந்த ஆட்களை
பெயர் சொல்லி அழைப்பாராம்.
மாடுகளையும்.

தொண்ணூற்று மூன்று, தைமாதம் முதலாந் திகதி
ஐரோப்பாவெல்லாம் ஒரே சந்தை.
சாவடியைப் பூட்டியவர்
திறப்பை யாரிடம் கொடுப்பதென்று
சாகும்வரை கண்டுபிடிக்கவில்லை.

"சுங்கம் போனது. சிப்பாய்கள் இன்னும் சில வருடம் நின்றார்கள்.
வெண்ணெயை மறிக்க ஒருவரும் இல்லை,
எங்களை மறித்தார்கள்"
என்கிறாள் ஊனா.
வெண்ணெய் என்று நான் சொல்லும்போதே
தொண்டையில் ஓமந்தை வந்து நிற்கிறது,
இறக்கிவைத்த பைகளோடு, வெயிலோடு.
நிற்க நேரமில்லை.
இரண்டு விநாடி பிந்தினால் வசனம் ஓடிவிடும்.

வீட்டில் முகம் பார்க்காத இரண்டு அரசுகள்
பிரசல்ஸில் மாதாமாதம் ஒரே மேசையில்.
மீனுக்கு எத்தனை தொன், பாலுக்கு எத்தனை லீற்றர்.
இடைவேளைக் கோப்பியில்
மீனும் பாலும் அல்லாததையும் பேசிக்கொண்டார்கள்.
பிந்திய சமாதானத்தில்
அந்தக் கோப்பிக்கும் ஒரு பங்கு உண்டாம்.
(சபையில் ஒருவர் சிரித்தார்.
என் ஏழு பேரில் ஒருவர் இல்லை.)

பிறகு அந்தச் சொல் வந்தது.
நேற்றிரவே வெள்ளவத்தையில் மேசைவிளக்கடியில்
குறித்துவைத்தேன்: பகிரப்பட்ட இறைமை.
பாண் துண்டு நீட்டுகிற மாதிரி
அவள் அதைச் சொல்லிவிட்டாள்.
இங்கே பகிர்வை அதிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தால்
கதிரைகள் எழும்பி வெளியே போகும்.
வர்த்தமானிக்கும் வழக்குக்கும் நடுவில்
பஸ்ஸுக்கு நிற்கிற சொல் அது.
பகு, பகிர், பகை:
ஒரே வேரில் மூன்று கிளை,
எதைப் பிடிக்கிறோம் என்பது கையைப் பொறுத்தது.

நான் மழுப்பினேன்.
"ஒத்துழைப்பு" என்றேன்.
இருபத்திரண்டு வருடத் தொழிலில்
தெரிந்தே சொன்ன முதல் பொய்.
கண்ணாடிக்கு அப்பால் சுபோதாவின் உதடுகள்
அசையாமல் ஒரு கணம் நின்றன.
பிறகு நேராகவே சொன்னாள்.
தேநீரின்போது கேட்டேன்.
"எங்கள் மொழியில் பிரிக்கவும் பகிரவும்
ஒரே வினைதான். எதை ஒளிக்கிறது?"
என்று பிஸ்கட்டை இரண்டாக உடைத்தாள்.
பெரிய துண்டை அவளே எடுத்தாள்.

கேள்வி நேரம்.
ஓய்வுபெற்ற செயலாளர் ஒருவர்:
"முடிவில் எந்த நாடு தோற்றது?"
ஊனா கொஞ்சம் யோசித்தாள்.
"அயலவர் ஒன்றியத்தை விட்டுப் போனபோது
பழைய கோட்டை எங்கே போடுவதென்று தெரியவில்லை.
வயலில் போட ஒருவருக்கும் துணிவில்லை.
கடலில் போட்டார்கள்."
கடலில் கோடு என்றதும்
மன்னாரிலிருந்து வந்த மீனவர் சங்கத்துக்காரர்
கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.
இம்முறை நான் ஒன்றையும் மாற்றவில்லை.

ஐந்து மணிக்கு மேசையில் கணக்கு.
ஓர் அட்டை மிஞ்சியது.
யாரோ அதை விட்டுவிட்டுக் கருவியோடு போய்விட்டார்.
"உளவுத்துறையாய் இராது,
அவர்கள் அட்டையை மறக்கமாட்டார்கள்" என்றாள் சுபோதா.
காலி வீதியில் நூறாம் இலக்க பஸ் நெரிந்து போகிறது.
அதற்குள் எவருடைய சட்டைப்பையிலோ
மூன்றாம் அலைவரிசை
இன்னும் திறந்தபடி.